புறநகருக்கு விரைவுப் போக்குவரத்து கேட்பது எப்படி?

"மெட்ரோ வேண்டும்" என்று மட்டும் மனு எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். முதலில் கணக்கெடுங்கள். ஒரு வாரம், காலை 7 முதல் 10 வரை, இரண்டு பேர் நிறுத்தத்தில் நோட்டோடு நின்று பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், படியில்கூட இடமில்லாமல் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று குறித்தாலே போதும், அந்தத் தாளை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

அப்புறம், கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ரயில் பாதை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். பேருந்துக்குத் தனித்தடம், ஏறும் முன்பே டிக்கெட், 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி, இதெல்லாம் அதற்குள் சாத்தியம்தான். பிரேசிலின் குரிட்டிபாவில் 1974லேயே தனித்தடப் பேருந்து ஓடியது, கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவை வந்தது. இவற்றையும் மனுவில் எழுதுங்கள்.

உங்கள் பகுதியின் வளர்ச்சித் திட்டம் வரைவாக இருக்கும்போதே மனுவோடு அதிகாரிகளிடம் போய்விடுங்கள். வீடுகள் எழுந்த பிறகு தடத்துக்கு நிலம் எடுப்பது பெரும்பாடு. கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள், வண்டி நிறுத்த இடம் போய்விடுமே என்ற அவர்கள் பயம் நியாயமானது. சரி, மனு கொடுத்தாயிற்றா? தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.