தேவாங்கின் கண்ணால் ஒரு அனிமேஷன் குறும்படம்

"ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற" என்று ஊரில் திட்டுவார்கள் இல்லையா, அந்த முழியிலிருந்தே தொடங்குங்கள். அது அப்படி முழித்து எதைப் பார்க்கிறது என்பதுதான் உங்கள் படம்.

கேமராவைக் கிளை உயரத்தில் வைத்துவிட்டால் விலங்கின் பார்வை வந்துவிடாது. தேவாங்குக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் நமக்குக் கும்மிருட்டாகத் தெரிகிற இடத்திலும் அது பூச்சி பிடிக்கும். அதனால் நீல இரவு வேண்டாம். சாம்பல் நிறத்தின் பத்துப் பதினைந்து சாயல்களை வைத்துக்கொண்டு இலை நரம்பு வரை தெரிகிற இரவை வரையுங்கள். லாரியின் ஹெட்லைட் விழும்போது மட்டும் திரை முழுக்க வெளுத்துப்போகட்டும். அப்புறம் வாசனை. தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு நடக்கிற உயிர் அது, போன கிளையெல்லாம் அதன் வாசனை இருக்கும். நான் அதைக் கரித்துண்டால் இழுத்த தீற்றலாக வரைந்தேன், புதிய தடம் அழுத்தமாக, பழையது மங்கலாக.

கதையையும் உடம்பிலிருந்தே எடுக்கலாம். தேவாங்கு தாவாது. ஒரு கிளையை விடுவதற்கு முன் அடுத்ததைப் பிடித்தாக வேண்டும், ஆகவே இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சாலை என்றால் அதற்கு அது கடல். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-ல் அறிவித்தார்கள், இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். ஆனால் வயலோர மரங்களிலும் வேலிகளிலும்கூட தேவாங்குகள் வாழ்கின்றன. அப்படி ஓர் இடத்தில், பகலில் அவை தூங்கும்போது பாலமாக இருந்த ஒரு வேலமரத்தை வெட்டிவிடுகிறார்கள். இருட்டியதும் தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும், அது உண்மையிலேயே அதன் வழக்கம். இன்று தரையில் இறங்கி, சாலையைக் கடந்து, விடிவதற்குள் திரும்ப வேண்டும். வில்லனே தேவையில்லை.

வசனமும் வேண்டாம். என் முதல் வரைவில் தாயைப் பேசவிட்டிருந்தேன், பார்த்த மூன்று பேரும் வசனத்தைக் கேட்டார்களே தவிர கிளையைப் பார்க்கவில்லை. அன்றே எடுத்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். மூன்று நிமிடப் படம், நொடிக்கு 24 பிரேம் என்றால் 4,320 பிரேம். வரைந்த ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 2,160 ஓவியங்கள், மூன்றுக்கு நிறுத்தினால் 1,440. மெதுவாக ஊர்ந்து, ஆபத்து வந்தால் அப்படியே உறைந்து நிற்கிற விலங்கு என்பதால் மூன்றே பல இடங்களில் போதும். பூச்சியைப் பிடிக்கக் கை பாயும் நொடியை மட்டும் பிரேம் பிரேமாக வரையுங்கள். கிருதா (Krita), பிளெண்டர் (Blender) என்ற அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், தாராளமாகப் போதும்.

நேரில் பார்க்கப் போனால் வனத்துறை அனுமதியோடு, சிவப்பு வெளிச்சத்தில், தள்ளி நின்று பாருங்கள். பிடித்து வைத்திருப்பவரிடம் போய் வரையாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் அது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கு.

முழுதாக வரைய உட்காரும் முன் கோட்டுச் சித்திரங்களை நேரக் கணக்கோடு அடுக்கி ஒரு அனிமேட்டிக் செய்து, சத்தமில்லாமல் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டுங்கள். "குட்டி இப்போ எங்கே இருக்கு?" என்று நடுவில் நிறுத்திக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் அந்த ஷாட்டை மாற்றுங்கள்.