புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின்: பரிசோதனை முடிவை வாசிக்கும் முறை

காலில் ரத்தக்கட்டி வந்த இளவயது நோயாளிக்கு, ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் இந்தப் புரதங்கள் குறைவாக இருப்பதாக அறிக்கை வந்த உடனேயே பரம்பரைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. எந்தச் செல் எதை உற்பத்தி செய்கிறது, அந்தச் செல்லின் நிலை இப்போது என்ன என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

மூன்றுக்கும் முதன்மையான உற்பத்தி இடம் கல்லீரல் செல்கள்தாம். மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் கல்லீரல் நோயையோ, புதிய ரத்தக்கட்டியில் அவை செலவாகிப் போனதையோ முதலில் சந்தேகியுங்கள். ஆன்டித்ராம்பின் மட்டும் குறைந்திருந்தால், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிமருந்தான ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மருந்துச்சீட்டைப் பாருங்கள். புரோட்டீன் சி, எஸ் இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் முழுமையடைய வைட்டமின் கே தேவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின் தடுப்பது வைட்டமின் கே-யின் இந்தச் செயலைத்தான். புரோட்டீன் சி-யின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 8 மணி நேரமே என்பதால், ரத்தத்தை உறையவைக்கும் புரதமான, சில நாள் நீடிக்கும் புரோத்ராம்பினை முந்திக்கொண்டு அது சரிகிறது; அதனால் தொடக்கத்தில் ரத்தம் உறையும் போக்கே கூடலாம். வார்ஃபரின் தொடங்கும் முதல் நாட்களில் ஹெப்பாரினையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வார்ஃபரினை மருத்துவர் நிறுத்தியிருந்தால் குறைந்தது 2 வாரம் கழித்தே இவ்விரண்டையும் சோதிக்க வேண்டும்; பரிசோதனைக்காக மட்டும் மருந்தை நிறுத்தச் சொல்வது சரியன்று.

அதிகம் ஏமாற்றுவது புரோட்டீன் எஸ். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களும், எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்களை உருவாக்கும் மெகாகேரியோசைட்களும்கூட அதை உற்பத்தி செய்கின்றன. பிளாஸ்மாவில் ஏறத்தாழ 60 சதவீதம் வேறொரு புரதத்துடன் பிணைந்திருக்க, எஞ்சியதே புரோட்டீன் சி-க்குத் துணைநிற்கிறது. எனவே மொத்த அளவைவிடத் தனித்திருக்கும் அளவைக் கேட்பதே நல்லது. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதும் அது இயல்பாகவே குறையும்.

த்ராம்போமாடுலின் என்ற புரதமும், ஆன்டித்ராம்பினுக்குத் துணைநிற்கும் ஹெப்பரான் சல்ஃபேட்டும் உட்சுவர் செல்களின் மேற்பரப்பில் பதிந்திருப்பவை. புரோட்டீன் சி திறம்படச் செயலூக்கம் பெறுவது த்ராம்போமாடுலின் மீதுதான். கடும் கிருமித்தொற்றில் உட்சுவர் சேதமடையும்போது இவ்விரண்டும் இழக்கப்படுவது வழக்கமான பிளாஸ்மா பரிசோதனையில் தெரியாது. ஹெப்பாரினை உருவாக்கும் மாஸ்ட் செல்கள் திசுக்களில் இருப்பவை. மருந்தாகும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் சளிச்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது.

மாதிரியை இளநீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் அமையும்படி, குறியிட்ட கோடுவரை நிரப்புங்கள். முடிவு குறைவாக வந்தால், உடல்நிலை சீரான பின் புது மாதிரியில் மறுபடி சோதித்து, பெற்றோரையும் பரிசோதித்த பிறகே பரம்பரைக் குறைபாடா என்று முடிவு செய்யுங்கள்.