திகில் காமிக்ஸ் இதழுக்கு விமர்சனம்: எங்கெல்லாம் தவறுகிறோம்

அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்குப் புதன்கிழமைதோறும் புது இதழ்கள் வந்திறங்குகின்றன. சூப்பர்ஹீரோக்களை விட்டு விலகி, இமேஜ், பூம், டார்க் ஹார்ஸ், வால்ட் போன்ற பதிப்பகங்களின் திகில் தொடர்களையும் மாயாஜாலத் தொடர்களையும் மாதாமாதம் காத்திருந்து படிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் சிலர் தமிழில் எழுதவும் செய்கிறார்கள். கிடைத்தவரை தேடிப் படிக்கிறேன். ஆர்வத்துக்குக் குறையே இல்லை. ஆனால் நேரில் ஒரு பக்கத்தைக் காட்டி அரை மணி நேரம் நுட்பமாகப் பேசுகிற அதே ஆள், எழுத உட்கார்ந்ததும் கதைச்சுருக்கத்துக்குள் ஒடுங்கிவிடுகிறார். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஓர் இதழில் கதைக்குக் கிடைப்பது இருபது சொச்சம் பக்கம். விலை பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். அந்தக் கால் மணி நேரத்துக்குள் நம்மை நடுங்க வைக்க, அல்லது இல்லாத ஓர் உலகத்தை நம்ப வைக்க, பக்கத்தில் என்ன செய்திருக்கிறார்கள், அது பலித்ததா என்பதைத்தான் விமர்சனம் சொல்ல வேண்டும். "கதை என்னவென்றால்" என்று தொடங்கிப் பத்துப் பத்தி ஓட்டிவிட்டு, கடைசியில் "ஓவியங்கள் அபாரம், 5-க்கு 4" என்று முடித்தால், இதழைப் படித்தவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. படிக்காதவருக்கோ இதழே கெட்டுப்போகிறது.

டபிள்யூ. மேக்ஸ்வெல் பிரின்ஸ் எழுத, மார்ட்டின் மொராசோ வரையும் 'ஐஸ்கிரீம் மேன்' 2018-இலிருந்து இமேஜில் வருகிறது. பெரும்பாலும் இதழுக்கு ஒரு தனிக்கதை. அதன் 13-ஆம் இதழை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் படிக்கலாம். சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்த நமக்கு இந்த விளையாட்டின் அருமை உடனே பிடிபடும். இந்த இதழின் 'கதை'யை நான்கு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அதில் இதழ் இருக்காது. திரும்பி வரும்போது அதே கட்டம் (பேனல்) ஏன் வேறு பொருள் தருகிறது என்று ஒரே ஒரு பக்கத்தை எடுத்து விளக்கினால் அது விமர்சனம். கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் முதல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். திகில் இதழின் கடைசிப் பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

அடுத்தது, "பயமே வரவில்லை" என்ற தீர்ப்பு. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பேய்ப்படத்தின் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். காமிக்ஸில் சத்தம் இல்லை. எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பது வாசகரின் கையில் இருக்கிறது. திடீரெனப் பாய்ந்து அலற வைக்கும் வித்தை இங்கே செல்லாது. அதற்குப் பதில் காமிக்ஸுக்கென்றே சில பயங்கள் உண்டு. வரப்போவதை எண்ணி வயிற்றில் ஊறும் கலக்கம் ஒன்று. அருவருப்பு இன்னொன்று. பழகிய பொருள் அந்நியமாகத் தெரியும்போது வருவது வேறொன்று. பேட்ரிக் ஹார்வத் எழுதி வரைந்து, 2023-இல் ஐடிடபிள்யூ வெளியிடத் தொடங்கிய 'பினீத் தி ட்ரீஸ் வேர் நோபடி சீஸ்' தொடரில் சிறுவர் கதைப்புத்தகங்களில் வருவது போன்ற அழகான விலங்குகள் வாழும் ஊர். அங்கே குடியிருக்கும் கரடி ஒன்று தொடர்கொலைகாரி. இதில் யாரும் நாற்காலியிலிருந்து துள்ளப்போவதில்லை. குழந்தைக்குக் காட்டத் தோன்றும் இளவண்ணப் படத்தில் வெட்டுண்ட உடலைப் பார்க்கும்போது எழும் சங்கடம்தான் அதன் சரக்கு. அந்த வகைப் பயத்தை இதழ் எட்டியதா என்று கேளுங்கள்.

காமிக்ஸில் திடுக்கிட வைக்க ஒரே வழி பக்கத்தைப் புரட்டும் அந்த நொடி. இதைக் கவனிக்காமல் திகில் இதழைப் பற்றி எழுதவே கூடாது என்பேன். அச்சில் முதல் பக்கம் வலப்புறம் நிற்கும். புரட்டினால் 2-உம் 3-உம் எதிரெதிரே. அதாவது, மறைத்து வைக்க வேண்டிய எதையும் இரட்டைப்படைப் பக்கத்தில்தான் வைக்க முடியும். ஒற்றைப்படைப் பக்கத்தின் அடிமூலைக் கட்டத்தில் ஒரு கை கதவைத் தொடும். புரட்டினால்தான் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியும். நல்ல எழுத்தாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்சிகளைப் பிரிக்கிறார்கள். பெரிய வெளிப்பாடு 7-ஆம் பக்கத்தில் விழுந்துவிட்டால், 6-ஐப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டு வீணாகிவிடும். அப்படி நடந்திருந்தால் அது குறை, தயங்காமல் எழுதலாம்.

ஆனால் அதைச் சொல்ல நீங்கள் சரியான வடிவத்தில் படித்திருக்க வேண்டும். கைப்பேசியில் கட்டம் கட்டமாக நகர்த்திப் படித்துவிட்டு "பக்க அமைப்பு சாதாரணம்" என்று எழுதுவது அநியாயம். ஜெஃப் லெமியர் எழுத ஆண்ட்ரியா சோரென்டினோ வரைந்த 'கிடியன் ஃபால்ஸ்' போன்ற தொடரில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டங்கள் சிதறுவதும் சுழல்வதும் கண்ணுக்குத் தெரியும். துண்டு துண்டாகப் பார்த்தவருக்கு அது வெறும் குழப்பம். அச்சுப் பிரதி கிடைக்காவிட்டால் டேப்லெட்டிலோ கணினியிலோ இரட்டைப் பக்கமாக வைத்துப் படியுங்கள். பிடிஎஃப் கோப்புகளில் அட்டைக்குப் பின்னால் விளம்பரப் பக்கம் ஏதாவது நுழைந்தால் ஜோடி மாறிவிடும். 2-உம் 3-உம் எதிரெதிரே நிற்கின்றனவா என்று முதலில் சரிபாருங்கள்.

இனி "ஓவியங்கள் அபாரம்" என்ற அந்த ஒற்றை வரி. இதில் எத்தனை பேரின் உழைப்பு காணாமல் போகிறது! இமேஜ் இதழ்களில் ஓவியர் பென்சிலும் மையும் தானே செய்வது சகஜம். ஆனால் வண்ணம் பெரும்பாலும் வேறொருவர். உரையாடல் பலூன்களை அமைத்து எழுத்துகளைப் பதிப்பவர், அதாவது லெட்டரர், இன்னொருவர். அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. 'கிடியன் ஃபால்ஸ்' தொடரின் மங்கிய நிறங்களுக்கு நடுவே சிவப்பு வரும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால், அது டேவ் ஸ்டூவர்ட் செய்த வேலை. அதே ஸ்டூவர்ட்தான் மைக் மிக்னோலாவின் 'ஹெல்பாய்' கதைகளில், அடர்ந்த கருப்புக்குப் பக்கத்தில் மினுக்கம் ஏதும் இல்லாத தட்டை வண்ணத்தை வைத்து அந்தக் கருப்பைப் பேச வைத்தவர். ஒருவரின் வண்ணம் இரண்டு ஓவியர்களிடம் இப்படி வேறுபடுவதை நீங்கள் சொன்னால், வாசகர் அடுத்த இதழில் தானாகவே வண்ணத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

எழுத்துப் பதிப்பை யாருமே எழுதுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் திறமை என்பதால் இருக்கலாம். ஆனால் திகிலில் அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. பெரிய பலூனுக்குள் சின்ன எழுத்து இருந்தால் நாம் மனதுக்குள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பலூன்கள் கட்டத்தின் மேலிருந்து குறுக்காக இறங்கினால் கண்ணும் அவற்றோடு இறங்கி, மூலையில் நிற்கும் உருவத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறது. ஆதித்யா பிடிகர் என்ற இந்தியக் கலைஞர், ஜேம்ஸ் டினியனும் மார்ட்டின் சிம்மண்ட்ஸும் உருவாக்கிய 'தி டிபார்ட்மென்ட் ஆஃப் ட்ரூத்' தொடருக்கு எழுத்துப் பதிப்புச் செய்கிறார். சிம்மண்ட்ஸின் கலைந்த, தீட்டியது போன்ற பக்கங்களில் பலூன் துருத்திக்கொண்டு நிற்காமல் எப்படிப் படத்தோடு ஒட்டுகிறது என்று ஒரு பக்கத்தை உற்றுப் பாருங்கள். எழுத விஷயம் தானாகக் கிடைக்கும்.

மாயாஜாலத் தொடர்களில் வேறொரு சறுக்கல். முதல் இதழிலேயே எல்லாம் புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அல்லது புரிந்த பெயர்களையெல்லாம் பட்டியல் போட்டு விமர்சனத்தை அகராதியாக்குவது. மார்ஜரி லியூ, சனா தகேதா இருவரின் 'மான்ஸ்ட்ரெஸ்' 2015-இல் வழக்கத்தைவிட மூன்று மடங்கு நீள முதல் இதழோடு தொடங்கியது. அந்த உலகின் வரலாற்றில் ஒரு பகுதியைக் கதைக்குள் திணிக்காமல், இதழின் இறுதியில் பேராசிரியர் டாம் டாம் என்ற பூனை பாடம் நடத்துவது போல வைத்தார்கள். விளக்கத்தை எங்கே வைக்கிறார்கள், அது கதையின் ஓட்டத்தை மறிக்கிறதா என்பதே கேள்வி.

'சுயாதீனம்' என்று போகிற போக்கில் சொல்வதிலும் கவனம் வேண்டும். இமேஜ் 1992-இல் ஏழு ஓவியர்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே படைப்பின் உரிமை படைத்தவரிடமே இருக்கும். மற்ற பதிப்பகங்களில் உரிமை ஏற்பாடுகள் பலவிதம். ஆகவே "சுயாதீனப் படைப்பாளி, பாவம், ஆதரியுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே சலுகை கொடுப்பது பொருந்தாது. சில தொடர்கள் பெரிய வியாபாரம். டினியனும் வெர்தர் டெல்லெதெராவும் 2019-இல் பூம் வெளியீடாகத் தொடங்கிய 'சம்திங் இஸ் கில்லிங் தி சில்ட்ரன்' ஐந்தே இதழ்களில் முடிய வேண்டியது. வரவேற்பைப் பார்த்து நெடுந்தொடராக வளர்ந்தது.

நம்மவர்கள் செய்த தொடர்கள் வரும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். மும்பையைச் சேர்ந்த ராம் வி எழுதி, சுமித் குமார் வரைந்து, விட்டோரியோ அஸ்தோனே வண்ணமிட்ட 'தீஸ் சாவேஜ் ஷோர்ஸ்' 2018-இல் வால்ட் வெளியீடாக வந்தது. ஐந்து இதழ்கள். எழுத்துப் பதிப்பு இதற்கும் பிடிகர்தான். 1766-இன் மலபார் கரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் ஏறி வரும் ஐரோப்பிய ரத்தக்காட்டேரி, அவனுக்கு முன்பே இந்த மண்ணில் இருக்கும் இன்னொன்று. "இந்தியர் எழுதியது" என்பதற்காகவே மதிப்பெண் கூட்டுவது ஒரு தவறு. "ராட்சசன் இப்படியா இருப்பான்" என்று புராணத்தை வைத்து மல்லுக்கு நிற்பது மற்றொன்று. நாம் செய்யக்கூடியது அதைவிடப் பெரியது. ஹைதர் அலி மலபாருக்குள் புகுந்ததும், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி தன் அரண்மனைக்குத் தீ வைத்து அதிலேயே மாண்டதும் அதே 1766. அந்த ஆண்டின் கனம் நமக்குத் தெரியும். அதைச் சொல்லி, சுமித் குமார் பெரிதும் நம்பும் ஒன்பது கட்டப் பக்கம் அந்த அரசியல் நெருக்கத்துக்கு எப்படி உதவுகிறது என்று எழுதினால், அமெரிக்க விமர்சகர் எழுத முடியாத ஒன்றை நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

பதிப்பகம் முன்கூட்டியே அனுப்பும் பிரதியை வைத்து எழுதுகிறீர்கள் என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். திருட்டு ஸ்கேனில் படித்துவிட்டு எழுதாதீர்கள். விற்பனையை நம்பி வாழும் இதழ்கள் இவை. இதழ் தாமதமானதற்காக மதிப்பெண் குறைப்பதும் வேண்டாம். பிரையன் கே. வான், ஃபியோனா ஸ்டேபிள்ஸ் இருவரின் 'சாகா' 54-ஆம் இதழோடு 2018-இல் நின்று, 55-ஆம் இதழோடு 2022 ஜனவரியில்தான் திரும்பியது. அந்த இடைவெளிக்காக 55-ஐ யாரும் தண்டிக்க வேண்டியதில்லை. விநியோகம் வேறு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பல்லாண்டுகள் கடைகளுக்கு இதழ்களைச் சேர்த்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியதில் சின்னப் பதிப்பகங்கள் பலவற்றின் சரக்கும் பணமும் சிக்கிக்கொண்டன.

கடைசியாக, எல்லாரும் முதல் இதழைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கடைக்காரர்கள் இதழ் வெளிவரும் முன்பே, பெரும்பாலும் மூன்று வாரம் முந்தி, எத்தனை பிரதி வேண்டும் என்ற இறுதி எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். விற்காததைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. முதல் இதழைத் தாராளமாக வாங்குவார்கள், பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். தொடருக்குக் குரல் தேவைப்படுவது 3-ஆம், 4-ஆம் இதழ்களில். நடு இதழில் முடிவு இல்லையே என்று குறைப்படாமல், முடிவை நோக்கி அது எதை நகர்த்தியது என்று பாருங்கள். முன்கதைக்கு இரண்டு வரி போதும். புதிதாக வருகிறவர் இங்கிருந்தே தொடங்கலாமா, முதல் தொகுப்பை வாங்கிவிட்டு வர வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இமேஜ் தொடர்களில் அந்த முதல் தொகுப்பைப் பல நேரம் 9.99 டாலருக்கே கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாறு இதழ்களைத் தனித்தனியாக வாங்குவதில் கிட்டத்தட்ட பாதிச் செலவுதான், சில நேரம் அதற்கும் குறைவு.