ஒரு நாள் நடை, ஒரு நாள் துடுப்பு: குழுவாக முகாமிடத் திட்டமிடுவது எப்படி?

வார இறுதியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், முதல் நாள் மலை ஏற வேண்டும், மறுநாள் படகு வலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா? பலரும் இடம் தேடுவதில் ஆரம்பிப்பார்கள். நான் ஆட்களிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

படி 1: தனித்தனியாகக் கேளுங்கள்

கூட்டத்தில் வைத்துக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் நடந்து பழக்கம்? நீந்தத் தெரியுமா? ஆஸ்துமா, ஒவ்வாமை, அன்றாடம் சாப்பிடும் மருந்து ஏதாவது உண்டா?

நான் ஏற்பாடு செய்த முதல் பயணத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். பாதி ஏற்றத்தில் ஒரு தோழி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பழைய வலிதான், எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அன்று எல்லோருமே திரும்பினோம். அதிலிருந்து, குழுவில் மெதுவாக நடப்பவரின் கால்தான் என் திட்டங்களுக்கு அளவுகோல்.

படி 2: ஒரே முகாம்

இரண்டு இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள். நடைபாதையும் அலையில்லாத ஏரியும் பக்கத்தில் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுத்து, அங்கே முகாமிடவும் தீ மூட்டவும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கூடாரம் நீர்க்கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மழைநீர் தேங்காத மேட்டில் இருக்கட்டும். அடிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கினால் வேறு இடம் பாருங்கள்.

படி 3: நடைக்கு நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஓய்வு நேரம் இதில் சேராது. புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு நான் இதை ஒன்றரை மடங்காக்கி, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் சேர்ப்பேன். மொத்தம் ஐந்தரை மணி. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முகாமுக்கு வந்துவிடும்படி கிளம்புங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்ப வேண்டும்.

வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும், மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து நடக்கட்டும், அனுபவமுள்ள இன்னொருவர் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும்வரை யாரும் நகரக் கூடாது.

படி 4: தண்ணீரில் இறங்கும் நாள்

பகல் ஏற ஏறக் காற்று வலுப்பது வழக்கம் என்பதால் படகுக்குக் காலை நேரமே நல்லது. போகும்போது எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். இருவர் படகில் அனுபவமுள்ளவர் பின்னால் உட்கார வேண்டும், ஏனென்றால் படகின் திசையை அங்கிருந்துதான் கட்டுப்படுத்த முடியும். கரையை ஒட்டியே செல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். ஜிப்பைப் பூட்டி, இடுப்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வாராக இறுக்குங்கள். பிறகு இன்னொருவர் தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கட்டும். ஜாக்கெட் மோவாய்வரை ஏறி வந்தால் அது தளர்வு. மீண்டும் இறுக்குங்கள், அப்படியும் ஏறினால் சின்ன அளவு தேவை. குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். நல்ல நீச்சல்காரரும் அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீர் குடித்துவிடக்கூடும்.

கிளம்புவதற்கு முன் இடுப்பளவு நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கை அப்போதுதான் கற்றுக்கொள்ளும்.

இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப இறங்காதீர்கள்.

படி 5: பொருட்கள்

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். "யாராவது கொண்டுவருவார்கள்" என்று விட்ட பொருள் வராது. கூடாரத்தை வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்தால் முளைக்குச்சி குறைவதும் கம்பி வளைந்திருப்பதும் தெரிந்துவிடும். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் காயாது, உடம்பைக் குளிரவைக்கும். சீக்கிரம் உலரும் துணியாகவும், நீர்புகாத பையில் ஒரு மாற்று உடையும் எடுங்கள். தலையில் மாட்டும் டார்ச்சும் விசிலும் ஆளுக்கொன்று வேண்டும். குடிநீர், நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் அரை லிட்டர். ஓடை நீரானால் நன்றாகக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமும் கொதிக்கவிடுங்கள்.

படி 6: முகாமில்

மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீயைவிட, அடுப்பிலிருந்து வரும் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எனக்கு அதிக பயம் தருகிறது. கழிப்பிடத்துக்கு நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். குப்பை முழுவதும் உங்களோடு திரும்பி வரட்டும்.

படி 7: வீட்டில் ஒருவர்

பயணத்தில் சேராத ஒருவரிடம் உங்கள் பாதை, முகாம், குழுவினரின் பெயர்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் மீட்புப் பணியினரை அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வீடு திரும்பியதும் பையை இறக்குவதற்கு முன் அவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.