இங்கிலீஷ்ல ஒருத்தரோட சிரிப்ப எழுதுறப்போ எந்த அட்ஜெக்டிவ் போடலாம்

கதையோ கேப்ஷனோ, இங்கிலீஷ்ல சிரிப்ப பத்தி எழுதணும்னா நம்மாளுங்களுக்கு உடனே வர்றது பியூட்டிஃபுல் ஸ்மைல், இல்லன்னா க்யூட் ஸ்மைல். தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா உங்களுக்கு புடிச்சிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது, சிரிச்சப்போ அந்த மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

அதனால முதல்ல வாய பாருங்க. பல்லெல்லாம் தெரியுதா, டூத்தி. முன்பல்லு நடுவுல சந்து இருந்தா கேப்-டூத்ட். ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்னா லாப்சைடட், இது பெரும்பாலும் செல்லமாதான் படும். உதட்ட இறுக்கி மூடிட்டு சிரிச்சா டைட்-லிப்ட், ஏதோ கடுப்ப அடக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம் வந்துரும்.

அப்புறம் மனசு. மாட்டிக்கிட்டு அசடு வழிஞ்சா ஷீபிஷ், நிலைமை மோசமா இருந்தும் அதுலயே ஒரு நக்கல பாத்து சிரிச்சா ரை (wry), உடம்பு முடியாதவங்க லேசா சிரிச்சா வான் (wan). ஸ்மக் மட்டும் ஜாக்கிரதை, கான்ஃபிடன்ட் மாதிரின்னு நினைச்சு மேனேஜரோட ஃபேர்வெல் கார்டுல எழுதிடாதீங்க, அது திமிரு புடிச்ச சிரிப்பு.

நிஜமான சிரிப்புன்னு காட்ட ஜெனுயின்னு போடுறத விட கண்ண எழுதுங்க. டுஷென்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1862லயே சொல்லிட்டாரு, வாய் ஓரத்த நாம நினைச்சா இழுத்துக்கலாம், கண்ண சுத்தி இருக்குற தசை உள்ளுக்குள்ள சந்தோஷம் இருந்தாதான் சுருங்கும்னு. அதனால ஹர் ஐஸ் க்ரிங்கிள்ட்னு ஒரு வரி போட்டா போதும், கண்ணுல ஒண்ணும் இல்லாம உதடு மட்டும் விரிஞ்சா அது ஃபோர்ஸ்ட் ஸ்மைல்.

ரெண்டு அட்ஜெக்டிவ் போட்டா உங்க அபிப்ராயம் முன்னாடி, சைஸ் பின்னாடி. எ லவ்லி பிக் ஸ்மைல்தான், பிக் லவ்லின்னு போட்டா காதுல இடிக்கும். மூணாவது வேண்டாம், மாட்ரிமோனி விளம்பரம் ஆயிடும். முன்னாடி வர்ற அந்த 'எ'வ நம்மள்ல பாதி பேர் முழுங்கிடுறோம், வித் ஷை ஸ்மைல் இல்ல, வித் எ ஷை ஸ்மைல்.

ஹி ஹேட் எ நைஸ் ஸ்மைல்னு எழுதி வச்சிருந்தீங்கன்னா, ஹி கேவ் மீ எ லாப்சைடட் ஸ்மைல்னு மாத்தி பாருங்க, ஆளு எதிர்ல வந்து நிப்பாரு. சட்டுனு வந்து போற சிரிப்புன்னா கேவ்க்கு பதிலா ஃப்ளாஷ்ட் போடுங்க, ஆனா வான் கூட அத சேக்காதீங்க, ஒட்டாது.