ஜாஸ் சோலோ: எஃப் ப்ளூஸில் தொடங்குவது எப்படி?

ஜாஸில் சோலோ வாசிக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்கேல்களை, அதாவது வரிசையாக ஏறி இறங்கும் நோட்டுகளைத்தான் தேடுகிறார்கள். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டினால் நோட்டுகள் பெரிதாக உறுத்தாது. ஆனால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பு) எப்போது மாறியது என்று கேட்பவருக்குத் தெரியாது. நீங்கள் தனியாக வாசித்தாலே அந்த மாற்றம் காதில் விழ வேண்டும். அதற்குக் கார்டுக்கு இரண்டே நோட்டுகள் போதும்.

படி 1: எஃப் ப்ளூஸின் கார்ட் சுற்றை மனப்பாடம் செய்யுங்கள்

மொத்தம் 12 பார், பாருக்கு 4 பீட். முதல் 4 பார் எஃப்7. அடுத்து பி ஃப்ளாட்7 இரண்டு பார், எஃப்7 இரண்டு பார். 9வது சி7, 10வது பி ஃப்ளாட்7, கடைசி இரண்டும் எஃப்7. இந்த ஒரு சுற்றுக்கு கோரஸ் என்று பெயர். ஜாஸ்காரர்கள் நடுவே இன்னும் பல கார்டுகளைச் செருகுவார்கள், அதெல்லாம் அப்புறம்.

படி 2: மூன்றாவதும் ஏழாவதும்

ரூட் நோட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் நோட்டை, பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். கார்டின் குணம் தெரிவது ரூட்டை ஒன்றாக வைத்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது நோட்டுகளில்தான்.

எஃப்7: ஏ, ஈ ஃப்ளாட்
பி ஃப்ளாட்7: டி, ஏ ஃப்ளாட்
சி7: ஈ, பி ஃப்ளாட்

எஃப்7-இலிருந்து பி ஃப்ளாட்7-க்குப் போகும்போது ஏ இறங்கி ஏ ஃப்ளாட் ஆகிறது, ஈ ஃப்ளாட் இறங்கி டி ஆகிறது. இரண்டுமே ஒரு செமிடோன்தான், கீபோர்டில் பக்கத்துக் கட்டை. சி7-க்குப் போனால் இரண்டும் ஒரு செமிடோன் ஏறும். 4வது பாரில் ஏ பிடித்து, 5வது பாரின் முதல் பீட்டில் சரியாக ஏ ஃப்ளாட்டில் இறங்கிப் பாருங்கள். பின்னணி எதுவும் இல்லாமலே ப்ளூஸ் திரும்புவது கேட்கும். எனக்கு இந்த இடம் இன்றைக்கும் அலுக்கவில்லை.

முதலில் பாருக்கு ஒரு நீண்ட நோட்டாக முழு கோரஸையும் வாசியுங்கள். கை தடுமாறாமல் வந்த பிறகு ரிதம் சேர்க்கலாம்.

படி 3: மெட்ரோனோம்

சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டையும் 2வது, 4வது பீட்டாக எண்ணுங்கள். உண்மையான வேகம் 120 ஆகிவிடும். ஸ்விங் (ஜாஸின் துள்ளும் தாள நடை) உடம்பில் ஏற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 4: ஒரு வரி, அதே வரி, பதில்

பழைய ப்ளூஸ் பாட்டுகளில் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதாகப் பதில் சொல்வார்கள். சோலோவையும் அப்படியே அமையுங்கள். முதல் இரண்டு பாரில் ஏ வருகிற மாதிரி ஒரு சின்ன ஃப்ரேஸ் (இசைத் துணுக்கு) வாசித்துவிட்டு, இரண்டு பார் சும்மா இருங்கள். 5வது பாரில் அதே ஃப்ரேஸ், ஏ இருந்த இடத்தில் மட்டும் ஏ ஃப்ளாட். 9வதில் புதிதாக ஒரு பதில். சும்மா இருக்கும் பார்களிலும் கார்ட் மாற்றம் மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 5: காதால் திருடுங்கள்

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1937 கோடையில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளை எடுத்துப்போய் அந்த சோலோக்களைக் கேட்டுக் கேட்டே கற்றார். நீங்கள் 4 பார் எடுத்துக்கொண்டால் போதும். முதலில் வாயால் பாடுங்கள். பாட வந்த பிறகுதான் வாத்தியம், எழுதுவது அதற்கும் பிறகு.

எஃப் சரளமானதும் பி ஃப்ளாட் ப்ளூஸுக்குப் போங்கள். அங்கே பி ஃப்ளாட்7-உம் எஃப்7-உம் ஏற்கெனவே தெரிந்தவை. புதிது ஈ ஃப்ளாட்7 மட்டும்: ஜி, டி ஃப்ளாட்.