கறையா, கரையா? எழுதியதை நாமே திருத்துவது எப்படி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, போனிலேயே மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அச்சில் ‘விடியற்காலையில் கறைக்குத் திரும்பிய படகுகள்’ என்று வந்திருந்தது. மனதில் ‘கரை’ இருந்தால் திரையில் எது இருந்தாலும் கண் கரை என்றே படித்துக்கொண்டு போய்விடும். கறையும் நல்ல தமிழ்ச் சொல்தான் என்பதால் பிழை காட்டும் செயலியும் சும்மா இருந்துவிடும்.

அதனால் எழுதிய கையோடு திருத்த உட்காராதீர்கள். ஓர் இரவு போகட்டும். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். ‘மார்க்கெட்டுக்கு போனேன்’ என்று இருந்தாலும் வாய் தானாக ‘ப்’ போட்டு அழுத்தும், அங்கே காகிதத்தில் ஒற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐ, கு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். அதற்காகக் கண்ட இடத்தில் போட்டுவிடக் கூடாது: ‘வேலை கொடுத்தார்’ என்றால் உத்தியோகம், ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல்.

ஆனால் நம்ம வடசென்னைப் பேச்சில் ர, ற இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும், ல, ள, ழ கூட அப்படித்தான், அதனால் கறை காதுக்கும் சிக்காது. இதற்கு ஒரு நோட்டு வேண்டும். நீங்கள் வழக்கமாகத் தவறவிடும் சொற்களை எழுதிவைத்து (என் நோட்டில் ‘முயற்ச்சி’, ‘சுவற்றில்’ இரண்டும் உண்டு, முயற்சி, சுவரில் என்பதே சரி) ஒவ்வொன்றாகக் கோப்பில் தேடிப் பாருங்கள்.

நீண்ட வாக்கியங்களில்தான் பெரிய சிக்கல். ‘படகுகள்’ என்று தொடங்கி டீசல், ஐஸ், ஏலம் என்று சுற்றிவிட்டு ‘திரும்பியது’ என்று முடித்திருப்போம். நடுப்பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: ‘படகுகள் திரும்பியது’. ‘திரும்பின’ என்று உடனே திருத்திவிடுவீர்கள்.

பெயர், எண் எல்லாவற்றையும் தனியாகப் பாருங்கள். ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல், அது 1865 என்று மாறிக் கிடந்தாலும் வாக்கியம் தடையில்லாமல் ஓடும். தகவலை எடுத்த இடத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும்.

அப்புறம், திருத்தும்போதே புதுப் பிழை நுழையும். ‘மீனவர்’ என்பதை ‘மீனவர்கள்’ ஆக்கியிருப்பீர்கள், வாக்கியத்தின் கடைசியில் ‘சொன்னார்’ அப்படியே நிற்கும். திருத்திய சொல்லோடு நிறுத்தாமல் அந்த வாக்கியம் முழுவதையும் இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.